'பரம்பரை' என்று எழுதி மூடிவிடாதீர்கள்: எங்கள் வலயத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வலயத்தின் கல்வி, சுகாதாரப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்காக இந்தத் தவணை நீங்கள் அனுப்பிய வழிகாட்டல் தாளின் இரண்டாம் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். தோட்டப் பகுதிப் பிள்ளைகளின் உயரக் குறைவு பெரும்பாலும் பரம்பரை இயல்பு என்று அதில் ஒரு பந்தி சொல்கிறது. தாயோ தகப்பனோ குட்டையானவராக இருந்தால் அந்தப் பிள்ளையை மேலதிக பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை, போசாக்கு உணவுப் பட்டியலிலும் முன்னுரிமை தேவையில்லை என்று அது தொடர்கிறது. கையொப்பம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. ஆதாரத்தைத்தான் காணவில்லை.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானமும் உயர்தரத்துக்கு உயிரியலும் கற்பிக்கிறேன். லயன் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில் பிறந்து, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் வளர்ந்தவள். உங்கள் பந்தியில் வரும் 'தோட்டப் பகுதிப் பிள்ளை'களில் நானும் ஒருத்தி. ஆகவே இதை ஓர் ஆசிரியையாகவும் படித்தேன், அந்தப் பட்டியலில் வந்திருக்கக் கூடியவளாகவும் படித்தேன். இரண்டு விதமாகப் படித்தாலும் அது பிழை.

அந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது என்பதை 7ஆம் தரத்துப் பரிசோதனையில் பக்கத்திலிருந்து பார்த்தேன். சுவரில் அளவுநாடா ஒட்டியிருந்தது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து முதுகை ஒட்டி நின்றார்கள். ஒரு சிறுமி குதிக்காலைக் கொஞ்சம் தூக்கினாள். அளந்தவர் சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டு இறக்கிவிட்டார். 134 சென்ரிமீற்றர். பன்னிரண்டு வயது நிறைந்த பெண் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் நடுக்கோடு ஏறத்தாழ 151இல் இருக்கிறது. கவனிக்க வேண்டிய குறைவு 138க்குக் கீழே தொடங்குகிறது. அவள் அதற்கும் கீழே. பதிவேட்டின் கடைசி நிரலில் 'பரம்பரை' என்று எழுதப்பட்டது. அடுத்த பிள்ளைக்கு 'மேற்படி'. அதற்கடுத்த பிள்ளைக்கும் 'மேற்படி'. அந்தப் பக்கத்தில் அப்படியே இறங்கிப் போனது. யாருடைய தாயையும் யாரும் அளக்கவில்லை. அளக்கவும் முடியாது, அந்நேரம் தாய்மார் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தாள் விதித்த நிபந்தனையைக் கூட அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒருவரும் பின்பற்றவில்லை.

குறை அளந்தவர்மீது இல்லை. ஒரு காலை நேரத்தில் அவர் பார்த்து முடிக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். வேலையைச் சுருக்கும் ஒரு சொல்லை மேலிடமே கொடுத்தால் யார்தான் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்?

அந்தப் பந்தியை எழுதியவர் பிறப்புரிமையியலைப் பாடசாலையில் படித்த அளவோடு நின்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் எல்லோரும் மெண்டலின் பட்டாணியில்தான் தொடங்குகிறோம். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தார். முதல் சந்ததி முழுவதும் நெட்டை. அடுத்த சந்ததியில் 787 நெட்டை, 277 குட்டை. 1866இல் அச்சான கணக்கு அது. இன்றும் பரீட்சைக்கு வருகிறது. பிள்ளைகள் அந்தக் கலப்புக் கணக்கின் கட்டத்தை அழகாக வரைவார்கள், புள்ளியும் வாங்குவார்கள். பிறகு தங்கள் அம்மாவை நினைத்துக்கொள்வார்கள். குட்டையான தாய்க்குக் குட்டையான பிள்ளை என்று பாடம் சொல்லாததைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். மெண்டல் பார்த்தது ஒரே ஒரு பரம்பரையலகின் (ஜீனின்) வேலை. பட்டாணித் தண்டை நீளச் செய்யும் ஓர் ஓமோனை ஆக்கும் படியில் அது குறுக்கிடுகிறது, அவ்வளவுதான். மனித உயரம் அப்படியல்ல. 2022இல் வெளிவந்த ஆய்வொன்று 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டி, உயரத்தோடு தொடர்புடைய ஏறத்தாழ 12,000 இடங்களை மனித டி.என்.ஏ.யில் இனங்கண்டது. ஒவ்வொன்றும் மில்லிமீற்றர் கணக்கில், பலவேளைகளில் அதிலும் குறைவாகத்தான் கூட்டும் அல்லது குறைக்கும். அந்த ஆய்வில் பங்குகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அங்கே கிடைத்த கணக்கை ஆசியரின், ஆபிரிக்கரின் உயரத்தில் பொருத்தினால் கணிப்பு வெகுவாகத் தளர்ந்துபோகிறது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அவ்வளவு பெரிய ஆய்வே இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது, எங்கள் லயத்துப் பிள்ளை ஒருவரின் ஒரு துளி எச்சிலைக் கூடப் பரிசோதிக்காமல் நீங்கள் முடிவெழுதிவிட்டீர்கள்.

உயரத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நன்றாக உண்டு வளர்ந்த சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 வீதம் பரம்பரையால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் கணிக்கின்றன. இந்த எண்ணைத்தான் யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது ஒரே சமூகத்துக்குள், ஏறக்குறைய ஒரே வசதியோடு வளர்ந்தவர்களுக்கு இடையிலான கணக்கு. வேறு வேறு நிலையில் வளர்ந்த இரண்டு சமூகங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை அந்த எண்ணால் விளக்க முடியாது. உயர்தரப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க எனக்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. வகுப்பறை யன்னலுக்கு வெளியே காட்டுவேன். வீ.பீ. தேயிலை மலையில் ஒரு இனத்துச் செடியெல்லாம் ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டங்களிலிருந்து வந்தவை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'டி.ஆர்.ஐ. 2025' என்ற இனம் என்றால் மலை முழுவதும் ஒரே பரம்பரையலகுத் தொகுதிதான். ஆனாலும் மண் கழுவுண்ட மேட்டில் நிற்கும் செடி மெலிந்திருக்கும், கானோரத்தில் (வடிகால் ஓரத்தில்) நிற்பது கொழித்திருக்கும். அதையெல்லாம் விட, முழு மலையும் இடுப்பளவில் நிற்கிறது. தேயிலை அவ்வளவு உயரத்துக்குமேல் வளராத இனம் என்பதாலா? கைவிட்ட மலைகளில் போய்ப் பாருங்கள், வீட்டுக் கூரையைத் தாண்டிய மரமாக நிற்கும். கவ்வாத்துக் கத்திதான் அதன் உயரத்தை நிர்ணயிக்கிறது. இதை என் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கத்தியைப் பிடித்தவர்களின் பிள்ளைகள் அல்லவா.

இனி எண்களுக்கு வருகிறேன். இவை நான் தேடிப் பிடித்தவை அல்ல, அரசாங்கத்தின் சொந்த எண்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டத்துறையில் 31.7 வீதம். அதற்கு முந்திய 2006-07 அளவீட்டில் தோட்டத்துறையின் எண் 40 வீதம் அளவில் இருந்தது. உங்கள் பந்தியை எழுதியவரிடம் கேட்கிறேன்: பரம்பரையலகுகள் பத்து ஆண்டுகளில் மாறுமா? ஒரு தலைமுறை கூட ஆகாத காலத்தில் எட்டு வீதத்துப் பிள்ளைகள் குட்டை என்ற கணக்கிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். தண்ணீர், கழிவறை, தடுப்பூசி, தாய்க்குக் கிடைத்த கவனிப்பு, தோட்டத்துக்கு வெளியே போய் உழைத்தவர் அனுப்பிய காசு, இவற்றில் ஏதோ சிலது மாறியிருக்கிறது. குருதி மாறவில்லை.

சிறுபிள்ளைகளுக்கு நீங்கள் பயன்படுத்தும் வளர்ச்சி வரைபடமே இந்த வாதத்தை முடித்துவைக்கப் போதும். 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிறுபிள்ளை வளர்ச்சித் தரங்கள் ஒரு நாட்டுப் பிள்ளைகளை மட்டும் அளந்து செய்தவை அல்ல. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, புகைக்காத தாய்க்குப் பிறந்து, வசதியான சூழலில் வளர்ந்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அளந்து செய்தவை. அங்கே கிடைத்த முடிவு என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளின் நீளத்தில் இருந்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு என்று வந்தது 3 வீதமளவு மட்டுமே. ஒரே நாட்டுக்குள் பிள்ளைக்குப் பிள்ளை என்று வந்தது 70 வீதம். இந்தியப் பிள்ளைகள் அளக்கப்பட்டது தெற்கு டெல்லியில். சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் இருந்த வீடுகளில் அவர்கள் நோர்வேப் பிள்ளைகளோடு ஒட்டியே வளர்ந்தார்கள். தென்கொரியாவில் 1896இல் பிறந்த பெண்களை விட 1996இல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயரம். நூறு வருடத்தில் கொரியர்கள் வேறு இனமாகிவிடவில்லை.

இதில் இன்னொரு நினைப்பும் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பேசுவதே நல்லது. 'அந்த ஆட்கள் அப்படித்தான்' என்பது அந்த நினைப்பு. எந்த ஆட்கள்? 1820களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பல ஊர், பல சாதி மக்கள் கங்காணிமார் பின்னால் வந்தார்கள். ஒரு குடும்பத்திலிருந்து கிளைத்த கூட்டம் அல்ல. வந்து இருநூறு ஆண்டுதான் ஆகிறது, ஏழெட்டுத் தலைமுறை. ஒரு சமூகத்தையே தனி உருவமாக்கும் அளவுக்குப் பரிணாமம் வேலை செய்ய அது போதவே போதாது. 1972இல் பிறப்புரிமையியலாளர் ரிச்சர்ட் லெவொன்ரின் குருதிப் புரதங்களை வைத்துக் கணக்கிட்டபோது, மனிதரின் பிறப்புரிமை வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கிறது என்று கண்டார். பின்னர் டி.என்.ஏ.யை நேரடியாகப் படித்தவர்களும் அதையொட்டிய விடையையே பெற்றார்கள். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. வரிசையில் ஆயிரத்துக்கு ஒரு எழுத்து அளவில்தான் வித்தியாசம். என் வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், லயத்துப் பிள்ளை ஒன்றுக்கும் கண்டி நகரத்துச் சிங்களப் பிள்ளை ஒன்றுக்கும் இடையே இருப்பதை விட வெகுவாகக் குறைந்தது என்று நம்ப எந்த நியாயமும் இல்லை.

'ஆனாலும் தாய் குட்டை, மகளும் குட்டையாகத்தானே இருக்கிறாள்' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போசாக்கில்லாமல் வளர்ந்த பெண் குட்டையாக நின்றுவிடுகிறாள். அவளுக்கு இரத்தச்சோகையும் இருந்தால், கர்ப்ப காலத்தில் ஏற்ற இறக்கமான மலையில் கூடையும் சுமந்தால், பிறக்கும் பிள்ளை நிறை குறைந்து பிறக்கிறது. நிறை குறைந்து பிறந்த பிள்ளை அதே காம்பராவில், அதே கானோரத்தில், வயிற்றோட்டம் மாறி மாறி வர, ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயுமாக வளர்கிறது. முதல் இரண்டு ஆண்டில் இழந்த உயரத்தைப் பிறகு பிடிப்பது மிகக் கடினம். இருபது வருடம் கழித்து அதுவும் ஒரு தாய். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இது பரம்பரையாகத் தெரியும். தாயிடமிருந்து மகளுக்குப் பரம்பரையலகு வந்ததைப் போலவே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் வந்தது என்பதை உங்கள் தாள் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று ஆண் பிள்ளைகள். கடைசிப் பையன் கைக்குழந்தையாக இருக்கும்போதே பிள்ளையில்லாத அத்தை வத்தளைக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். தீபாவளிக்கு வந்திருந்தான். அண்ணன்மார் இருவரும் அவன் காதளவில் நிற்கிறார்கள். ஒரு வீட்டை வைத்து விஞ்ஞானம் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாய் என்னிடம், "ரீச்சர், எங்கள் ரத்தம்தான் இப்படி என்றார்களே, அப்போது இவன் யாருடைய ரத்தம்?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பரம்பரையலகுகளைப் பற்றி உண்மையிலேயே அக்கறை இருந்தால், பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே உங்கள் தாளில் ஒரு வரி கூட இல்லை. தலசீமியா என்னும் இரத்த நோய் ஒற்றைப் பரம்பரையலகு நோய், மெண்டலின் கட்டம் அப்படியே பொருந்துகிற நோய். காவிகளாக, அதாவது தமக்கு நோய் இல்லாமல் அந்தப் பரம்பரையலகைச் சுமப்பவர்களாக இருக்கும் இருவர் மணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. காவியாக இருப்பவரை மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததால்தான் அந்தப் பரம்பரையலகு இந்த நாட்டில் நிலைத்தது. மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்கு 2016இல் சான்றிதழ் கிடைத்துவிட்டது, பரம்பரையலகு போகவில்லை. குருநாகலில் இதற்கென்றே தேசிய நிலையம் இருக்கிறது. ஊவாவிலும் நோயாளர் இருக்கிறார்கள், எங்கள் மக்களுக்குப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பதுளைப் பக்கத்தோடுதான் பாதி. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மாமன் மக்கள், அத்தை மக்களுக்கிடையே பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். இரத்தச்சோகை என்று மாதக்கணக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தும் தேறாத பிள்ளைக்கு ஓர் எளிய இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் காவியா இல்லையா என்று தெரிந்துவிடும். இங்கே பரம்பரையைத் தேட வேண்டும், தேடுவதில்லை. உயரத்தில் அது முதல் காரணம் அல்ல, அங்கே அதையே எழுதிவைக்கிறோம்.

ஏன் இப்படி என்று யோசித்தால் எனக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது. பரம்பரை என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாட்சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம், லயத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச வேண்டாம், அரசு தரும் சத்துமாவான திரிபோஷ ஏன் ஒழுங்காக வருவதில்லை என்று கேட்க வேண்டாம். நோக்கம் அதுவல்ல என்று நீங்கள் சொன்னால் நம்பத் தயார். ஆனால் தாள் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். வழிகாட்டல் தாளின் அந்தப் பந்தியை எழுத்து மூலம் மீளப் பெறுங்கள். வாய்மொழியாக 'அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்' என்று அதிபர்மாருக்குச் சொல்லிவிடுவது போதாது. பதிவேட்டில் அந்தச் சொல் நின்றால் அடுத்த ஆண்டு வருகிறவர் அதைத்தான் படிப்பார். 'பரம்பரை', 'மேற்படி' என்று எழுதப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் அடுத்த தவணை தொடங்கும் முன் மறுபடி அளந்து, 138க்குக் கீழே நின்ற அந்தச் சிறுமி உட்பட, அவரவர் வயதுக்குரிய கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். போசாக்கு உணவுப் பட்டியலுக்குப் பெற்றோரின் உயரத்தை ஓர் அளவுகோலாக வைக்காதீர்கள். பிள்ளையின் உயரமும் நிறையும் போதும். பரிசோதனைக்கு வருபவர்கள் லயத்துக் குடிநீரையும் கழிவறைகளையும் பார்த்து அதே பதிவேட்டில் எழுத ஒரு நிரல் சேருங்கள். இரும்புச்சத்துக்குத் தேறாத பிள்ளைகளுக்குத் தலசீமியாப் பரிசோதனை கிடைக்க வழி செய்து, அதைப் பற்றிய விளக்கத்தைத் தமிழில் கொடுங்கள். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள் எங்கள் அலுமாரியில் ஒரு கட்டு கிடக்கின்றன. இவற்றுக்கான ஆசிரியர் கருத்தரங்கொன்றை நடத்துவதானால், உயரம், போசாக்கு, பரம்பரை பற்றிய பகுதியைச் சம்பளம் எதுவும் இல்லாமல் தயாரித்துத் தர நானும் என்னோடு கற்பிக்கும் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

உங்கள் பதிலை எழுத்தில், தமிழில் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க அதிபர்மாருக்கு அனுமதி கொடுங்கள், மற்ற நாட்களில் வந்தால் தாய்மாருக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி
நுவரெலியா மாவட்டம்